லிஃப்டுக்கு ஒரு வினைச்சொல்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தரைத்தளத்தில் அதற்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொத்தான் இருந்தது. பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்குகூட எரிந்தது. லிஃப்ட் வருவது மட்டும்தான் பாக்கி.

ஏன் வரவில்லை என்பது புரிய வேண்டுமானால், அந்த மாதிரிப் பழைய சரக்கு லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு இழுத்து மூடும் இரும்புக் கிராதிக் கதவு. கதவு முழுக்க மூடிக்கொண்டால் சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இரண்டு பித்தளைத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும். தொட்டால்தான் மின்சாரம் ஓடும், மோட்டார் சுற்றும். விரலளவு இடைவெளி இருந்தாலும் லிஃப்ட் நின்ற இடத்தை விட்டு அசையாது. கதவு திறந்திருக்கும்போது யாரும் மாட்டிக்கொண்டு சாகக் கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனுஷன் செய்துவைத்த ஏற்பாடு அது.

இரண்டாம் மாடி சோபாக் கம்பெனிக்காரர் அந்த நல்ல மனுஷனின் யோசனையை முழுசாகப் புரிந்துகொண்டவர். காலையில் கடையைத் திறந்ததும் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கதவிடுக்கில் வைத்துவிடுவார். அதோடு லிஃப்ட் அவர் கடையின் இன்னொரு அறை ஆகிவிடும். உள்ளே நாற்காலிக் கால்களை அடுக்கி வைத்திருந்தார். மத்தியானத்தில் அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தவர்களும் உண்டு. காற்று நன்றாக வருமாம்.

ஐந்தாம் மாடியில் இருந்தது மெத்தைக் கடை. அதை நடத்தியவளை எல்லாரும் மெத்தைக்காரி என்றுதான் சொன்னார்கள். அவள் செய்தது நார் மெத்தை. பஞ்சு மெத்தை என்றால் சுருட்டிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். நார் மெத்தை பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். மடக்கினால் உள்ளே நார் ஒடிந்துபோய் அந்த இடத்தில் ஒரு திமில் எழும்பும். திமில் எழும்பிய மெத்தையை எந்த வைத்தியமும் நிமிர்த்தாது. சரக்கு எல்லாம் லிஃப்டில்தான் போகப்போகிறது என்று நம்பிக் கட்டடம் கட்டினவர்கள் படிக்கட்டைக் குறுகலாக வைத்து, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு இடத்தில் திருப்பியும் விட்டிருந்தார்கள். மெத்தை அந்தத் திருப்பத்தில் திரும்பாது. ஒருநாள் அவள் வீட்டுக்காரர் திரும்ப வைத்தே தீருவேன் என்று நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மெத்தை திரும்பவில்லை. அவர் முதுகு திரும்பிவிட்டது. அன்றிலிருந்து கடை மூலையில் மாதிரிக்குப் போட்டிருந்த மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையில் மூன்றாவது ஆள் அவர் தங்கை. மெத்தைக்காரிக்கு நாத்தனார். தையல் மெஷினில் உட்கார்ந்தால் கையும் ஓடும், வாயும் ஓடும்.

இந்த நேரத்தில்தான் நர்சிங் மாணவிகள் விடுதியிலிருந்து நாற்பது மெத்தைக்கு ஆர்டர் வந்தது. மாடி ஏறி இறங்க முடியாமல் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிப்போன கடைக்கு இது கடைசி மூச்சு. பெண்கள் இருவருமாக ராப்பகலாகத் தைத்து முடிக்க, மெத்தைகள் கூரை முட்ட நின்றன. விடுதி வார்டன் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "சனிக்கிழமை காலையில லாரியோட கீழ நிப்பேன். திங்கக்கிழமை பொண்ணுங்க வந்துடுவாங்க. இறக்கிக் குடுக்க முடியலன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா, நான் வேற கடை பாத்துக்கறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டாள் மெத்தைக்காரி. ஒரு ஸ்டூலை நகர்த்துகிற வேலைதானே என்று நினைத்தாள்.

சோபாக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் மிகவும் மரியாதையானவர்.

"அக்கா, உங்களுக்கு இல்லாத லிஃப்டா? எப்ப வேணும்னாலும் எடுத்துக்கங்க. இந்த நாற்காலிக் கால் மட்டும் போயிடட்டும்."

"எப்ப போகும்?"

"இது போனா அடுத்தது வரும்க்கா. வியாபாரம்னா அப்படித்தானே?"

ஆகவே எதிர்ச்சாரியில் இருந்த வளாக நிர்வாகத்துக்குப் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அங்கே புகார் என்பது எடுத்தவுடன் லிஃப்ட் பிரிவுக்கோ குழாய்ப் பிரிவுக்கோ போய்விடாது. முதலில் வாக்கியச் சரிபார்ப்புப் பிரிவுக்குப் போகும். முன்னொரு காலத்தில் யாரோ 'ஒழுகுகிறது' என்று எழுதி, எது என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். பழுதுபார்க்க வந்தவர்கள் ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்துவிட்டுப் போனார்கள். விசாரணை நடந்தது. குற்றம் குழாயில் இல்லை, வாக்கியத்தில்தான் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து எந்தப் புகாரும் இங்கிலீஷில், ஒரே வாக்கியத்தில், பிழையில்லாத ஒரு வினைச்சொல்லோடு வர வேண்டும். இங்கிலீஷ் ஏன் என்று கேட்கலாம். பேசுகிற மொழியில் எழுத விட்டால் எல்லாரும் எழுதிவிடுவார்கள், புகார் குவிந்துவிடும் என்று ஒரு சுற்றறிக்கையே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. வாக்கியம் சரிபார்க்க ஆள் போதவில்லை. அதனால் பழுதுபார்க்கிறவர்களை ஒவ்வொருவராக இழுத்துவந்து பயிற்சி கொடுத்துத் திருத்துநர்கள் ஆக்கினார்கள். குழாய்க்காரர் கமா போட்டார். கொத்தனார் முற்றுப்புள்ளி வைத்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் வினைச்சொற்களுக்குப் பொறுப்பானார்.

கடையில் மூவருமாக வார்த்தை தேடினார்கள்.

"ஹோல்ட்னு போடலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"அது கையில பிடிக்கறது இல்ல? லிஃப்டைக் கையில பிடிச்சுக்கிட்டா நிக்கறான்?"

மூலையிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "திருடிட்டான்னு எழுது."

"திருடியிருந்தா லிஃப்ட் காணாம போயிருக்கணுங்க. அது பாட்டுக்கு அங்கயே நிக்குதே."

"அப்ப ரெண்டாம் மாடிக்காரன் லிஃப்டைக் கட்டிக்கிட்டான்னு எழுது."

"நீங்க தூங்குங்க."

நாத்தனார் கைப்பேசியில் 'ஆதிக்கம் செலுத்து' என்று தட்டினாள். டாமினன்ட் என்று வந்தது. கேட்கவே கனமாக இருந்தது. கேட்டவுடன் ஸ்டூல் தானாக எழுந்து ஓடிவிடும் போல இருந்தது. 'செகண்ட் ஃப்ளோர் டாமினன்ட் தி லிஃப்ட்' என்று எழுதி, மெத்தைக்காரி கையெழுத்துப் போட்டாள்.

வினைச்சொல் திருத்துநர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு காலத்தில் தேய்ந்த கம்பிவடத்தை அப்படித்தான் பார்த்திருப்பார்.

"இதுல வினைச்சொல்லே இல்லையேம்மா."

"இருக்கே சார். டாமினன்ட்."

"அது பெயரடை. ஒருத்தர் எப்படி இருக்காருன்னு சொல்றது. டாமினேட்னா என்ன செய்யறாருன்னு சொல்றது. நீங்க ரெண்டாம் மாடியோட குணத்தைப் புகார் பண்றீங்களா, செயலைப் புகார் பண்றீங்களா?"

மெத்தைக்காரி யோசித்தாள். சோபாக்காரரின் குணத்தைப் பற்றியும் சொல்ல ஆசைதான்.

"சார், அந்த ஸ்டூலை எடுத்துட்டாப் போதும்."

"ஸ்டூல் பெயர்ச்சொல். அது என்கிட்ட வராது." தாளில் சிவப்பு முத்திரை குத்தினார். "அது எதிர் மேசை. அவரு லீவு."

கடைக்கு வந்து திருத்தினார்கள். டாமினேட் என்ற வார்த்தை தனியாக நிற்கத் தள்ளாடுகிற மாதிரி இருந்ததால் நாத்தனார் பக்கத்தில் ஓவர் என்று ஒன்றை முட்டுக்கொடுத்தாள். லிஃப்டின் மேல் ஆதிக்கம் என்று நாம் சொல்வதில்லையா, அந்தக் கணக்கு. மறுநாளே தாள் திரும்பியது.

"டாமினேட்டே மேல ஏறி உக்காந்த வார்த்தைம்மா" என்றார் திருத்துநர். அவர் கோபப்படுகிறவர் இல்லை. கற்றுக்கொண்டதைச் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அதுக்கு மேல இன்னொரு ஓவர் எதுக்கு? யாரை அடக்கறாரோ அவரை நேரா பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தணும். நடுவுல இடைவெளி இருக்கவே கூடாது. லிஃப்ட் கதவு மாதிரின்னு வெச்சுக்கங்க. இடைவெளி இருந்தா ஓடாது."

"அதேதான் சார் நானும் சொல்றேன்! கதவுல இடைவெளி இருக்கு!"

"உதாரணத்துக்கு சொன்னேன்மா" என்றார் திருத்துநர், சற்று மனம் புண்பட்டு.

மூன்றாவது தடவை ஓவரை எடுத்துவிட்டு, இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிவதற்காக 'இஸ் டாமினேட்டிங்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நிகழ்காலத் தொடர்ச்சியை மேசையில் உட்கார்ந்தபடி ஒப்புக்கொள்ளப் பிரிவுக்கு அதிகாரம் கிடையாது. நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதினால், நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். திருத்துநரே வந்தார்.

பெட்டியோடு தரைத்தளத்தில் நின்று பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. காத்திருந்தார். பிறகு ஏறினார். ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, பேச்சு வரவில்லை. நாத்தனார் தண்ணீர் கொடுத்தாள். மெத்தைக்காரி அவரை வீட்டுக்காரருக்குப் பக்கத்து மெத்தையில் உட்கார வைத்தாள்.

"பாத்தீங்களா சார்? லிஃப்ட் வரல இல்ல?"

"வரல."

"அப்ப எழுதிக்கங்க."

"எதைம்மா எழுத? லிஃப்ட் வரலங்கறது என்னோட அனுபவம். நான் வந்தது வினைச்சொல்லோட காலத்தைப் பாக்க." பையிலிருந்து பேனா எடுத்தார். "இப்ப, இந்த நிமிஷம், அந்த ஆதிக்கம் நடந்துக்கிட்டு இருக்கறதா நீங்க உணர்றீங்களா?"

"உங்க கால் என்ன சொல்லுது சார்?" என்றாள் நாத்தனார்.

வீட்டுக்காரர் படுத்தபடியே திரும்பிப் பார்த்தார். "நீங்க முன்னாடி லிஃப்ட் மெக்கானிக்காமே? கீழ போறப்ப அந்த ஸ்டூலை ஒரு ஓரமா நகத்தி வெச்சுட்டுப் போகலாமே."

திருத்துநரின் முகத்தில் ஒரு வலி வந்து போனது. "நகத்தலாம் சார். நகத்தினா வாக்கியம் பொய்யாயிடும். அப்புறம் பொய் வாக்கியம் எழுதினதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். வேணாம்."

அவர் இறங்கும்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. இரண்டாம் மாடியில் சோபாக்காரர் வாசலுக்கே வந்து வரவேற்றார். மனுஷன் வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "சார், உக்காருங்க முதல்ல" என்று சொல்லிச் சுற்றுமுற்றும் பார்த்தார். சோபாக்களுக்கு உறை போட்டிருந்தது. லிஃப்ட் கதவிடுக்கில் இருந்த ஸ்டூலை உருவிப் போட்டார். திருத்துநர் உட்கார்ந்தார். கிராதிக் கதவு பழைய ஸ்பிரிங்கின் இழுப்பில் மெதுவாக நகர்ந்து மூடிக்கொண்டது. பித்தளை பித்தளையைத் தொட்டது. காலையிலேயே மெத்தைக்காரி பொத்தானை அமுக்கி, விளக்கு எரிந்துகொண்டிருந்த ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் புறப்பட்டது.

"அண்ணி! லிஃப்ட்! லிஃப்ட் வருது!"

இரண்டு பெண்களுமாக ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவைத் திறந்தால் உள்ளே வயிற்றளவுக்கு நாற்காலிக் கால்கள். ஒரு கைத்தலையணைக்குக்கூட இடமில்லை. கால்களை அள்ளி வெளியே போடத் தொடங்குவதற்குள் கீழேயிருந்து யாரோ பொத்தானை அமுக்க, கதவு மூடிக்கொள்ள, லிஃப்ட் இறங்கிப் போய்விட்டது. திருத்துநர் எழுந்துவிட்டார். ஸ்டூல் வேலைக்குத் திரும்பிவிட்டது.

அறிக்கையில் இப்படி எழுதினார்: ஆய்வின்போது லிஃப்ட் ஒரு தடவை ஐந்தாம் மாடிக்குச் சென்றது, எனவே டாமினேட் என்ற சொல் இந்த இடத்தில் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

விஷயம் தலைமைத் திருத்துநரிடம் போயிற்று. அவர் விசாரணைக்கு நாள் குறித்தார். இரு தரப்பும் வர வேண்டும். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

தலைமைத் திருத்துநரின் அறையில் அகராதிகள் சுவரை மறைத்து நின்றன. எதிலும் விரல் பட்ட அழுக்கு இல்லை. சோபாக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மெத்தைக்காரியின் புடவையில் நார் ஒட்டியிருந்தது.

"ஐயா, எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தார் சோபாக்காரர். "டாமினேட்னா நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"பெரிய வார்த்தை" என்றார் தலைமைத் திருத்துநர். "பெரிய பெரிய கம்பெனிங்க சந்தையை டாமினேட் பண்ணுதுன்னு எழுதுவாங்க. ஒரு மலை ஒரு ஊரை டாமினேட் பண்ணுதுன்னு எழுதுவாங்க."

"மலையா!" சோபாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அக்கா எழுதினதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. முத்திரை போட்டு ஒரு நகல் கிடைச்சா கடையில மாட்டிக்குவேன்."

மெத்தைக்காரி வாயைத் திறந்தாள். தலைமைத் திருத்துநர் கையைக் காட்டினார்.

"இருங்கம்மா. நீங்க ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கீங்க. டாமினேட்னா முழு ஆதிக்கம். அரைகுறையா ஆதிக்கம் பண்ணினா அதுக்கு இந்தப் பிரிவுல அந்தப் பேரு கிடையாது. லிஃப்ட் உங்க மாடிக்கு ஒரு தடவை வந்திருக்கு. எங்க ஆளே பாத்திருக்காரு. வந்த லிஃப்டை வரலன்னு சொல்ற வார்த்தையை நான் எப்படி ஒத்துக்கறது?"

"ஐயா, உங்க ஆளு ஸ்டூல்ல உக்காந்ததாலதான் வந்துச்சு. அவரு எந்திரிச்சதும் போயிடுச்சு. நாற்பது மெத்தை இறக்கணும். சனிக்கிழமை லாரி வருது. இறக்கலன்னா எங்க கடை போச்சு. வார்த்தை எதுவா இருந்தா என்னங்கய்யா, லிஃப்டைப் பத்தி யாராச்சும்..."

"இதுதான், இதுதான்!" தலைமைத் திருத்துநர் மேசையில் தட்டினார். சத்தம் கேட்டு வெளியே கமா போட்டுக்கொண்டிருந்த குழாய்க்காரர் எட்டிப் பார்த்தார். "வார்த்தை எதுவா இருந்தா என்னங்கறீங்க. அம்மா, இந்தக் கட்டடத்துல யாரு எதை ஆளுறாங்கறது எங்க கவலை இல்ல. ஆளுறவங்க ஆளட்டும். அதைச் சொல்றதுக்கு யாருக்குத் தகுதி இருக்குங்கறதுதான் எங்க கவலை. நாங்க எத்தனை வருஷமா ராப்பகலா உழைக்கிறோம் தெரியுமா? முன்ன ஒரு மாசத்துக்கு நூறு புகார் லிஃப்ட் பிரிவுக்குப் போகும். போன வருஷம் முழுக்க ஒண்ணு போச்சு. அந்த அளவுக்கு இந்த வளாகத்துல குறைகள் குறைஞ்சிருக்கு!"

சோபாக்காரர் கை தட்டினார். வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

"ஆனா நான் கருணை இல்லாதவன் இல்ல" என்று குரலைத் தணித்துக்கொண்டார் தலைமைத் திருத்துநர். "உங்க வாக்கியத்தைத் தள்ளுபடி பண்ண எனக்கு மனசு வரல. மூணு தடவை திருத்தியிருக்கீங்க. ஒரு ஏழைப்பட்ட பொம்பளை டாமினேட்டை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கறது சாதாரண விஷயம் இல்ல. வார்த்தை சரி. உண்மைதான் ஒரு தடவை பிசகிடுச்சு. வார்த்தையை மாத்தினா உங்க உழைப்பு வீணாயிடும். அதனால உண்மையைச் சரிபண்ணிடலாம்."

மெத்தைக்காரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில் ஒரு மனுஷனுக்குப் புரிந்துவிட்டதே என்று இரண்டு கையையும் கூப்பினாள்.

அந்த நிர்வாகம் அவ்வளவு வேகமாக ஒரு வேலையைச் செய்து அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. அவள் தெருவைக் கடந்து மாடி ஏறி வருவதற்குள் முன்னாள் மெக்கானிக் திருப்புளியோடு ஐந்தாம் மாடியில் நின்றார். வருஷக்கணக்கில் தொடாத கருவியைத் தொட்ட ஆனந்தம் அவர் விரல்களில் தெரிந்தது. நாலு திருகு. பொத்தானைப் பிடுங்கினார், கம்பிகளை வெட்டி முனையில் நாடா சுற்றினார், துளையை ஒரு தகட்டால் மூடினார். கச்சிதமான வேலை.

"சார், என்ன பண்றீங்க?" என்றாள் மெத்தைக்காரி.

"இனிமே லிஃப்ட் உங்க மாடிக்கு வரவே வராதும்மா. உங்க வாக்கியம் இப்ப நூத்துக்கு நூறு சரி." சிரித்தார். வஞ்சகமில்லாத சிரிப்பு. "வாழ்த்துகள்."

மறுநாள் அனுமதி முத்திரையோடு வாக்கியம் அவள் கைக்கு வந்தது. நிரந்தர நிலைமை ஆகிவிட்டதால் 'இஸ் டாமினேட்டிங்' என்பதைத் தலைமைத் திருத்துநர் தாமே 'டாமினேட்ஸ்' என்று மாற்றியிருந்தார். ஒரு நகலை சோபாக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு லிஃப்ட் வாசலுக்கு மேலே மாட்டினார். 'தி செகண்ட் ஃப்ளோர் டாமினேட்ஸ் தி லிஃப்ட்.' கீழே மெத்தைக்காரியின் கையெழுத்து. வாடிக்கையாளர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பிரிவுக்கு ஓடினாள். பிரிவில் மிச்சமிருந்தது எஞ்சினியர் ஒருவர்தான். ஆளைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். ஒரு வருஷம் கழித்து வந்த முதல் ஆள். தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"என்ன அழகான வாக்கியம்! கடைசியில எஸ் போட்டிருக்கு பாத்தீங்களா? நிறைய பேரு அங்கதான் கோட்டை விடுவாங்க."

"சார், ஸ்டூலை எடுக்கச் சொல்லி ஒரு உத்தரவு. அந்தப் பொத்தானையும் திருப்பி மாட்டிடுங்க. நாளைக்கு லாரி வருது."

"உத்தரவா?" எஞ்சினியர் தாளை மேசையில் வைத்து, குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி விரலால் காட்டினார். "டாமினேட்ஸ். இது சாதாரண நிகழ்காலம்மா. சூரியன் கிழக்க உதிக்குதுன்னு சொல்றோம் பாருங்க, அந்த வகை. எப்பவும் உள்ள உண்மை. சூரியன் உதிக்குதுன்னு யாராவது புகார் குடுத்தா நான் என்ன பண்ண முடியும்? ஆமான்னு எழுதி ஃபைலை மூடத்தான் முடியும்."

"முதல்ல வேற மாதிரிதான் சார் எழுதியிருந்தேன். டாமினேட்டிங்னு."

"அது தற்காலிகம். தானா சரியாயிடும். அதுக்கும் நடவடிக்கை கிடையாது."

"டாமினேட்டட்னு எழுதினா?"

"அதான் முடிஞ்சுபோச்சே!"

அவர் 'ஆம்' என்று எழுதி, தேதி போட்டு, ஃபைலை மூடினார். வருஷத்தின் வேலை முடிந்த நிம்மதியோடு அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் லாரி முற்றத்துக்கு வந்துவிட்டது. வார்டன் இறங்கி மேலே பார்த்துக் கையாட்டினாள். முற்றத்தின் பாதியை சோபாக்காரரின் வேனும், விடிகாலையில் லிஃப்டில் இறக்கி, ஏற்றுவதற்காக வரிசையாக வைத்த புத்தம்புது சோபாக்களும் அடைத்திருந்தன.

கைப்பேசி அடித்தது. "என்னம்மா, இறக்க ஆரம்பிச்சாச்சா? லிஃப்ட்ல கூட்டமா?"

மெத்தைக்காரி கைப்பேசியைக் காதில் வைத்தபடி, பெரிய ஜன்னலுக்கு வெளியே போட்டிருந்த இரும்புக் கம்பிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தைச் சுவரில் பிடித்திருந்தவை நாலு போல்ட். தையல் மெஷினைக் கழற்றி மாட்ட வைத்திருந்த ஸ்பேனர் அந்த அளவுக்குச் சரியாக இருந்தது.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றாள் கைப்பேசியில். "ஆளுங்களை ஜன்னலுக்குக் கீழ நிக்க விடாதீங்க."

நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "அண்ணி, சட்டத்தைக் கழட்டினா நோட்டீஸ் வரும்."

"வரட்டும். வர்றவன் அஞ்சு மாடி ஏறித்தானே வரணும். இதைப் பிடி, கீழ விழுந்துடப் போகுது."

இருவருமாகச் சட்டத்தை உள்ளே இழுத்து சுவரில் சாய்த்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். வேலை என்று வந்தால் அவருக்கு விஷயம் தெரியும். "நெட்டுக்குத்தா விடாதீங்க, முனை நசுங்கிடும். படுக்கை வாட்டத்துல தள்ளுங்க. காத்து அடியில முட்டுக்கொடுக்கும், மெதுவாத்தான் இறங்கும். நார் மடங்கினாத்தான் ஒடியும். காத்துல மடங்காது."

முதல் மெத்தை ஜன்னல் விளிம்பைத் தாண்டியது. அவர் சொன்னது சரிதான். பிளாஸ்டிக் உறை வெயிலில் மின்ன, பெரிய தட்டு ஒன்றை யாரோ பொறுமையாகக் கீழே வைப்பது போல அது அசைந்து அசைந்து இறங்கியது. இரண்டாம் மாடியைக் கடக்கும்போது சோபாக்காரர் ஜன்னலில் நின்று பார்த்தார். தொம்மென்று முற்றத்தில் படிந்தது. தூசி மண்டலமாக எழுந்து சோபாக்கள்மேல் ஒரு விரல் கனத்துக்கு உட்கார்ந்தது. வார்டன் ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தாள். திமில் இல்லை. ஓட்டுநரிடம் கையைக் காட்டினாள்.

"ஐயோ, என் சரக்கு! என் வெல்வெட்!" சோபாக்காரர் ஸ்டூல்மேல் இடறிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தார். எதிர்ச்சாரியிலிருந்து சத்தம் கேட்டு நிர்வாகமும் வந்தது. முன்னால் தலைமைத் திருத்துநர், பின்னால் வினைச்சொல் திருத்துநர், அவருக்குப் பின்னால் கமாக்காரர். எஞ்சினியரும் ஒரு ஓரமாக வந்து நின்றார். இரண்டாவது மெத்தை அவர்கள் தலைக்கு மேலே விளிம்பில் பாதி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, புகார்! இப்பவே புகார் எழுதிக்கங்க!" என்று சோபாக்காரர் தலைமைத் திருத்துநரின் சட்டையைப் பிடித்தார்.

"எழுதறேன் இருங்க, எழுதறேன்." தலைமைத் திருத்துநர் பேனாவை எடுத்தார், தாளை எடுத்தார், பிறகு எதுவும் எழுதாமல் நின்றார். தலையைத் தூக்கிக் கத்தினார். "ஏம்மா! நீங்க இதை எறியறீங்களா, தள்றீங்களா, இறக்கறீங்களா? தெளிவா சொல்லுங்க! எந்த வினைச்சொல்லு போடறது நான்?"

ஐந்தாம் மாடி ஜன்னலில் மெத்தைக்காரியின் தலை தெரிந்தது.

"நல்லா யோசிச்சு, திருத்தி, முத்திரை போட்டு வைங்கய்யா. அவசரமே இல்ல. இங்க இன்னும் நிறைய இருக்கு." மெத்தையின் பின்புறத்தில் தோளைக் கொடுத்தாள். "இப்ப தள்ளி நில்லுங்க!"